கொடையாளர் ஊரில் ஒரு போட்டி: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவிக்கு நின்றவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். அங்குள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், 2024 ஆகஸ்ட்டில், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவிக்கு இரண்டு தாய்மார்கள் போட்டியிட்டார்கள். ஒருவர் பலகாரக் கொட்டகையில் தேன்குழல் பிழிபவர். இன்னொருவர், அந்தப் பள்ளிக்குக் கட்டடம் கொடுத்த குடும்பத்தின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணக்கரின் மருமகள். பலகாரக்காரர் தோற்றார். அவர் தோற்ற பிறகுதான் அந்தக் குழு வேலை செய்யத் தொடங்கியது. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

பெற்றோர் பயிற்சி வகுப்புகளுக்குக் கருத்தாளராகப் போய்வந்த வகையில் இந்தப் பள்ளியை எனக்குத் தெரியும். தேர்வு நடந்த அன்றும் அங்கே இருந்தேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். இரண்டு பெண்களும் இன்றைக்கும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிப்பவர்கள்.

சட்டம் என்ன கொடுத்திருக்கிறது

குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவு அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எல்லாவற்றிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். 'பாதுகாவலர்' என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் 2022-ல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் பெரிய பரப்புரை நடந்து, 20 பேர் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்து எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். அதில் 18 பேர் பெற்றோர். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், முன்னாள் மாணவர் என மீதி இடங்கள். தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் 'ஸ்கூல் போர்டு' தேர்தல் பற்றிச் சொல்லக் கேட்டவர்கள் இதை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரு பள்ளி மாவட்டத்தில் வாக்குரிமை உள்ள எல்லோரும், பிள்ளை இல்லாதவரும்கூட, ஓட்டுப் போடுகிறார்கள். வென்றவர்கள் மாவட்டம் முழுவதுக்கும் வரவுசெலவு போடுகிறார்கள், கண்காணிப்பாளரை வேலைக்கு வைக்கிறார்கள். பல மாநிலங்களில் சொத்துவரி விகிதமே அவர்கள் கையில். நம் குழுவுக்கு வரி இல்லை, ஆசிரியரை மாற்றும் அதிகாரம் இல்லை. இருப்பது மூன்று: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியலாம். ஆனால் குழுவின் வங்கிக் கணக்குக்குத் தலைமையாசிரியரோடு தலைவரும் பொறுப்பு. அந்தக் கையெழுத்துதான் இந்தக் கதையின் நடு.

கொடுத்துப் பழகிய சீமை

செட்டிநாட்டில் பள்ளிக்கூடம் என்றால் அது யாரோ ஒருவர் கொடுத்தது. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் பெயரில் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே எழுந்தது. மேலைச்சிவபுரியில் தமிழ்க் கல்விக்கான சன்மார்க்க சபை 1909-லேயே தொடங்கிவிட்டது. கோட்டையூர் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி ஆரம்பித்தார். மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இவையெல்லாம் ஊரறிந்தவை. இவர்களுக்குக் கீழே, பெயர் வெளியே தெரியாத நூறு குடும்பங்கள் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்ததைக் கொண்டுவந்து தத்தம் ஊரில் திண்ணைப் பள்ளியோ ஓட்டுக் கட்டடமோ எழுப்பியிருக்கின்றன. அவற்றில் பல பின்னால் ஒன்றியத்துக்குப் போயின. சில இன்னும் தாளாளர் கையில் உதவி பெறும் பள்ளிகளாக நடக்கின்றன. அந்தவகைப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான் என்று 2012-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒன்றியப் பள்ளியில் அந்தத் தடை கிடையாது. இந்த வித்தியாசமே பல பெற்றோருக்குத் தெரியாது. எல்லாம் 'அவுக பள்ளிக்கூடம்'தான்.

கொடை பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கொடை ஒரு பழக்கத்தையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பள்ளி கிடைத்தது, ஆகவே நன்றி சொல்ல வேண்டும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கணக்குக் கேட்பது அழகா? இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கூட்டத்தில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது அதுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்குக் கேட்பதில், இந்தக் கொடையாளர்களின் சமூகமான நகரத்தாரைப் போல் தேர்ந்தவர்கள் இல்லை. அவர்களுடைய கோயில் நிர்வாகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. வரி கொடுத்த புள்ளிக்குக் கணக்குப் பார்க்கும் பாத்தியதை உண்டு. கொடுத்தவர்களின் முறை அப்படி இருக்க, வாங்கியவர்கள் மட்டும் தலைகுனிந்து வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டது எப்படி என்பதைத் தனியாக யாராவது எழுத வேண்டும்.

பழைய குழு

2022-ல் அமைந்த குழு 'ஒருமனதாக' அமைந்தது. தீர்மானப் புத்தகத்தில் மாதாமாதம் கூட்டம் இருக்கிறது. தலைவரின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் புத்தகம்தான் அவர் வீட்டுக்குப் போனது. அவர் பள்ளிக்கு வரவில்லை. சத்துணவுக் கூடத்தில் உதவிக்கு இருந்த பெண் எடுத்துக்கொண்டு போய், கையெழுத்து வாங்கி வருவார். தலைவர்மீது குற்றம் சொல்லிப் பயனில்லை. "உங்க பேரு போட்டிருக்கோம்த்தா, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்று சொல்லித்தான் அவரை ஒத்துக்கொள்ள வைத்திருந்தார்கள். அவர் சொன்ன சொல் தவறவில்லை.

தலைமையாசிரியரை ஊரில் 'பெரிய டீச்சர்' என்பார்கள். நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. இரண்டு பக்கமும் பகை வேண்டாம் என்று நினைப்பவர். கணிதத்துக்குப் பட்டதாரி ஆசிரியர் இடம் காலி. ஆறு முதல் எட்டு வரைக்கும் அவரே கணக்கு எடுத்தார், அலுவலக வேலையையும் பார்த்தார். குழு பேசாமல் இருப்பது அவருக்கு ஒருவகையில் நிம்மதி.

நின்றவர்

பலகாரக்காரருக்கு மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. கணவர் திருப்பூரில் தையல் வேலை, மாதம் ஒருமுறை வருவார். கொட்டகையில் காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்றும். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் எல்லாம் டின் டின்னாகச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. சுட்ட எடைக்குக் கூலி.

அவரைக் கிளப்பிவிட்டது கழிப்பறை. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கெட்டு ஒரு கல்வியாண்டு ஓடிவிட்டது. ஊருணியிலிருந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்று மகள் ஒருநாள் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சா போகணும்ல" என்றாள்.

அவர் நேராகப் பெரிய டீச்சரிடம் போனார். "எழுதிப் போட்டிருக்கேன்மா, மேலேயிருந்து வரணும்" என்ற பதில் கிடைத்தது. பிறகு பெரிய வீட்டுக் கணக்கரிடம் போனார். "ஆச்சி தைக்கு வர்றாக, அப்பச் சொல்லிப் பாக்குறேன்" என்றார் அவர். ஆச்சி என்பது பெரிய வீட்டுக் குடும்பத்து அம்மா. இரண்டு இடத்திலும் கேட்டவர் மனுதாரர், பதில் சொன்னவர் கொடுப்பவர்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு பயிற்சியில் பள்ளி மானியக் கணக்கை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டு மானியம்: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1,00,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கே செலவிட வேண்டும். அவர் விரலை மடக்கினார். "நம்ம பள்ளிக்கூடத்துல நூத்தி இருபது பிள்ளைக. அப்ப அம்பதாயிரம். அதுல அஞ்சாயிரம் கக்கூஸுக்குன்னே இருக்குன்னு சொல்றீங்க. மோட்டார் ரிப்பேருக்கு எம்புட்டு ஆகும் சார்?" அறையில் அதற்குமுன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் நிற்பார் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஓட்டுக் கேட்டது

இதற்கு நோட்டீஸ் கிடையாது, மைக் கிடையாது. நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைதான் அவருடைய பொதுக்கூட்டம். ரேஷன் கடை வரிசை இரண்டாவது. பலகாரக் கொட்டகைப் பெண்கள் ஐந்தாறு பேரில் நால்வரின் பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தார்கள்.

கவனித்த வரை அவர் பேசியதில் மூன்று விஷயம் மாறி மாறி வந்தது. ஒன்று மோட்டார். இரண்டாவது, காலியாகக் கிடக்கும் கணக்கு டீச்சர் இடம். மூன்றாவதுதான் சிக்கலானது: "கையெழுத்துப் போடுறவுக பள்ளிக்கூடத்துக்கு வரணும்." இது பழைய தலைவரைக் குத்துவதாக ஊரில் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு அர்த்தம் இல்லாமலும் இல்லை. அந்த வரியை விட்டிருந்தால் பத்து ஓட்டுக் கூடியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த வரிதான் பிறகு வேலை செய்தது, ஆகவே விடாதது நல்லதே.

எதிர்ப்பு நேராக வரவில்லை. அவர் சமூகத்தைச் சொல்லி யாரும் பேசவில்லை. காலனிப் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பதால் பேச முடியாது என்பதும் காரணம். வந்த பேச்சு இப்படி: "அவளுக்கு எங்கத்தா நேரம்? வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம். அன்னைக்குத்தானே கொட்டகையில பேக்கிங்." இது வம்பும் இல்லை, பொய்யும் இல்லை. வார இறுதிக் கல்யாணங்களுக்கான சரக்கு வெள்ளிக்கிழமைதான் கட்டப்படும். அரை நாள் போனால் அரை நாள் கூலி போகும். மேலாண்மைக் குழு உறுப்பினருக்கு அமர்வுப்படி எதுவும் இல்லை. ஏழைப் பெற்றோரின் பிரதிநிதித்துவம் பற்றிச் சட்டம் பேசுகிறது. அந்த ஏழைப் பெற்றோர் வெள்ளிக்கிழமை மதியம் எங்கே இருப்பார் என்பதை அது யோசிக்கவில்லை.

எதிர்த்து நின்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கரின் மருமகள் தானாக நிற்கவில்லை, நிறுத்தப்பட்டார். வார்டு உறுப்பினர் அவருக்கு உறவு. ஆனால் பொம்மை அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், மகன் ஏழாம் வகுப்பு. "எம் பிள்ளையும் அங்கதான் சார் படிக்கிறான், எனக்கும் அந்தக் கக்கூஸ் தெரியும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். போட்டி இல்லாமல் 'ஒருமனதாக' அவர் தலைவராகியிருந்தால் இந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

அப்பத்தாக்களின் ஓட்டு

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு சர்ச்சை கிளம்பியது. எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஊரில் கணிசமான பிள்ளைகளுக்குத் தாய்தகப்பன் கூட இல்லை. அவர்கள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை செய்கிறார்கள். சிலருடைய தகப்பன் சிங்கப்பூரில். பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ வளர்கிறார்கள். காலையில் கிளப்பி அனுப்புவது, காய்ச்சல் என்றால் பள்ளிக்கு ஓடுவது, தேர்ச்சி அட்டையில் கைநாட்டு வைப்பது எல்லாம் அவர்கள். ஆனால் கூட்ட அழைப்பில் 'பெற்றோர்' என்று இருந்தது. "தாய்தகப்பன் வந்தாத்தான் கணக்கு, கிழவிக எல்லாம் எதுக்கு" என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்களுக்குக் கணக்குத் தெரியும்: அந்தக் கிழவிகளில் பாதிப் பேர் கண்மாய்க் கரையில் பலகாரக்காரரோடு மண் சுமந்தவர்கள்.

பெரிய டீச்சர் தயங்கினார். பலகாரக்காரர் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. காரைக்குடியில் படிக்கும் தம்பி மகனை விட்டு, சட்டத்தின் அந்தப் பிரிவைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். வட்டார வள மையத்திலிருந்து பார்வையாளராக வர இருந்த ஆசிரியர் பயிற்றுநருக்குப் போன் போட்டு, "சார், பாதுகாவலர்னா அப்பத்தாவும் சேத்தியா?" என்று கேட்டார். பிள்ளையை வைத்து வளர்ப்பவர் யாரோ அவர்தான் என்று பயிற்றுநர் சொன்னார். தேர்வு நாளில் வந்ததும் முதல் வேலையாக அதையே எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். சட்டத்தை யாரோ விளக்கக் கேட்டுப் பழகிய ஊரில், ஓர் அம்மா சட்டத்தின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காரியத்தை நகர்த்தியது அதுவே முதல் தடவை என்று பெரிய டீச்சர் சொன்னார். குரலில் கொஞ்சம் அலுப்பும் கொஞ்சம் பெருமையும் இருந்தன.

தேர்வு நாள்

வராண்டாவில் பாய் விரித்திருந்தார்கள். பெண்கள்தான் பெரும்பாலும். ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பெற்றோர் அல்ல, ஆனால் எழுந்து போகச் சொல்ல அங்கே யாருக்கும் நா எழவில்லை.

முதலில் வார்டு உறுப்பினர் எழுந்தார். "நம்ம ஊருல சண்டை சச்சரவு இல்லாம எல்லாம் ஒத்துமையா முடிப்போம். பெரிய வீட்டுக்காரவுக கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடம். அவுகளுக்கு ஒரு மரியாதை..." என்று இழுத்தார். பலரும் தலையாட்டினார்கள். அப்போதே முடிந்திருக்க வேண்டியது.

பலகாரக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "மரியாதை எப்பவும் உண்டுண்ணே. நானும் நிக்கிறேன். ரெண்டு பேரு நின்னா ஒத்துமை கெட்டுப்போயிருமா?" சிரிப்பு எழுந்தது. சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

அடுத்து, கை தூக்குவதா, சீட்டா? கை தூக்கினால் கணக்கர் கண்ணெதிரே தூக்க வேண்டும். பெரிய வீட்டுத் திருவிழா வேலைக்கும் கல்யாண வேலைக்கும் ஆள் சொல்லி விடுபவர் அவர். "சீட்டுல எழுதுவோம் டீச்சர்" என்று பலகாரக்காரர் கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்களே என்று மறுப்பு வந்தது. பெரிய டீச்சர் அன்றைக்குச் செய்த ஒரே துணிச்சலான காரியம் இதுதான்: இவருக்கு ஒரு கோடு, அவருக்கு இரண்டு கோடு, கோடு போட எல்லோருக்கும் தெரியும் என்றார். சாக்பீஸ் டப்பா பெட்டியானது. வகுப்பறைக்குள் ஒவ்வொருவராகப் போய்க் கோடு போட்டு வந்தார்கள். ஓர் அப்பத்தா வெளியே வந்து, "நான் ஒரு கோடுதான் போட்டேன்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். ரகசியம் அவரளவில் அவ்வளவுதான்.

எட்டு ஓட்டு வித்தியாசத்தில் கணக்கரின் மருமகள் வென்றார். பலகாரக்காரர் 18 பெற்றோர் உறுப்பினரில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். பதினெட்டு இடத்துக்கு ஆள் தேடுவதே பாடு, அதற்குப் போட்டியே இல்லை.

எட்டு ஓட்டு எங்கே போனது? பேசிப் பார்த்ததில், பயந்து மாற்றிப் போட்டவர்கள் குறைவு. "படிச்ச பிள்ளை, பேங்க்குக்குப் போய் வர அவதான் சரி" என்று நினைத்துப் போட்டவர்களே அதிகம். இதை அடிமைப் புத்தி என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமான கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு நடந்தது

முதல் மாதக் கூட்டத்துக்குத் தீர்மானப் புத்தகம் எங்கும் போகவில்லை. தலைவர் வந்தார். வராமல் இருக்க முடியாது: கையெழுத்துப் போடுகிறவர் பள்ளிக்கு வர வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லி ஏறக்குறையப் பாதி ஓட்டு வாங்கிய ஒருவர் எதிர்ப் பாயில் உட்கார்ந்திருந்தார். எட்டு ஓட்டில் வென்றவருக்குத் தான் எதற்காக வந்தோம் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. 'ஒருமனதாக' வந்தவருக்கு அந்தத் தேவை இருந்திருக்காது.

அந்தக் கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கப்பட்டது. பலகாரக்காரர் கேட்டார், தலைவரும் கேட்டார். சுவருக்கு வண்ணம் அடித்ததில் நல்ல தொகை போயிருந்தது. ரசீது இருந்தது, முறைகேடு ஒன்றுமில்லை. மோட்டாரைவிட வண்ணம் முந்தியது ஏன் என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது சுவர் என்று பெரிய டீச்சர் கடைசியில் சொன்னார். அந்த நேர்மைக்காக அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியது.

மோட்டார் அடுத்த தவணை மானியத்தில் பழுதுபார்க்கப்பட்டது. புதுக் குழாய் இழுக்கப் பணம் போதவில்லை. இங்கேதான் கொடையாளர் மறுபடி வருகிறார், இந்தத் தடவை வேறு மாதிரி. தை மாதம் ஆச்சி ஊருக்கு வந்தபோது கணக்கர் மட்டும் போகவில்லை. தலைவரும் பலகாரக்காரரும் தீர்மான நகலோடு போனார்கள். பெரிய வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்றுகொண்டு சொல்லாமல், பட்டாலை எனப்படும் மேடையில் உட்கார்ந்து சொன்னார்கள். ஆச்சி காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டது: "இத்தனை வருஷமா இதை ஏன் யாரும் எழுதிக் கொடுக்கலை? வர்றப்பல்லாம் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போடுறீக, அம்புட்டுத்தானே." குழாய்க்கும் தொட்டிக்கும் பணம் வந்தது. பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில் கணக்கருக்கும் குழுவுக்கும் ஒரு மாதம் இழுபறி நடந்தது. கழிப்பறைச் சுவரில் குடும்பப் பெயர் வேண்டாம் என்று ஆச்சியே சொன்னதும் அது தீர்ந்தது.

கொடை நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் வழி மாறியது. முன்பு கொடுப்பவர் மனதில் தோன்றியது வந்தது, இப்போது குழு எழுதிக் கேட்டது வந்தது.

நடக்காதவை

கணித ஆசிரியர் வரவில்லை. குழு மூன்று தீர்மானம் போட்டது, பெற்றோர் செயலியிலும் ஏற்றியது. 2022-ல் காலிப் பணியிடங்களுக்கு மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதி கொடுத்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அறிவித்து, வழக்கு, விமர்சனம் எல்லாம் வந்து, பிறகு உயர்த்தினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, "நாமளே ஆள் போட்டுக்கலாமா?" என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். துறை அனுமதிக்கும் இடத்துக்கு மட்டும்தான் அது. குழு நினைத்தால் ஆள் போட முடியாது. இதைப் புரியவைக்கும்போதுதான் கூட்டத்தில் ஒரு சோர்வு வந்தது. இரண்டு பேர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு சிவகங்கை உட்பட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் நாற்காலி காலியானது. வார்டு உறுப்பினர் இருந்தவரைக்கும் அவரோடு மல்லுக்கட்டியவர்களே, தெருக் குழாயிலிருந்து பள்ளிக்கு ஓர் இணைப்பு வாங்க யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு நடப்பதற்கும் ஊருக்குள் இருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் உள்ள தூரம் அப்போது தெரிந்தது.

கூலி விஷயமும் அப்படியே கிடக்கிறது. பலகாரக்காரர் தீபாவளி மாதக் கூட்டத்துக்கு வரவில்லை, ஆர்டர் நெருக்கம். தலைவர் பெரிய டீச்சரிடம் பேசி, கூட்டத்தைச் சில மாதங்கள் மாலை நாலரைக்குத் தள்ளிவைத்தார். அது ஓரளவு உதவியது. ஆனால் ஆசிரியர்கள் காரைக்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

நிற்க நினைப்பவர்களுக்கு

வேறு ஊர்த் தாய்மார்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இரண்டாண்டும் பிள்ளை அதே பள்ளியில் இருப்பானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு நடுநிலைப் பள்ளியில் நின்றால் பாதியில் இடம் காலியாகும். பள்ளிக்கு வரும் மானியம் எவ்வளவு என்பதை எண்ணாகத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 'வசதி இல்லை' என்று பேசினால் அது மனுவாகவே கேட்கும். தலைமையாசிரியரைப் பகைக்காதீர்கள். ஆனால் அவர் பயத்துக்காகப் பேசாமலும் இருக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இந்தக் குழு வேறு. அதன் தலைவர் இதற்கும் தலைவர்போல நடந்துகொண்டால் மரியாதையாகவே வேறுபாட்டைச் சொல்லுங்கள். தோற்றால் உறுப்பினர் இடத்தை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த ஊரில் எல்லாம் நடந்தது அந்த இடத்திலிருந்துதான்.

இன்னொன்றும் சொல்வேன்: முடிந்தால் போட்டியை உண்டாக்குங்கள். வேறு யாரும் நிற்கவில்லை என்றால் தோழி ஒருத்தியையாவது எதிரில் நிறுத்துங்கள். இதைக் கேட்டு அதிகாரிகள் சிலர் முகம் சுளித்ததுண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை.

இந்தக் குழுவின் காலம் 2026-ல் முடிகிறது. தலைவரின் மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடுவான், ஆகவே அவர் நிற்க முடியாது. பலகாரக்காரரின் மகன் அதே பள்ளியில்தான் இருப்பான், ஆனால் அவர் இன்னும் பிடிகொடுத்துப் பேசவில்லை. போன முறை கூட்டத்துக்குப் போனபோது, ஒரு கோடு போட்டதாக அறிவித்த அந்த அப்பத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டுப் போடலாம்னா நிக்கவும் செய்யலாம்ல தம்பி?" என்றார். உறுப்பினராக நிற்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை ஆத்தா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "கூட்டத்துக்கு வர்ற அன்னைக்கு நூறு நாள் வேலையில எம் பேரைப் பதிவாகளா?"